பெரும்பான்மைவாதமும் அரசியல் வன்முறையும்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்ப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள், கோயில் டிரஸ்டிகள், ஜமாத் பொறுப்பாளர்கள், வார்டு உறுப்பினர்கள், கல்லூரிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் இவை. முன்பாதி வரலாறு, பின்பாதி காவல் நிலையமும் கோர்ட்டும். இன்றைக்கே புகார் கொடுக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவர் பின்பாதிக்குப் போய்விடலாம்.

அதிக ஓட்டு வாங்கியவர் ஆள்வதுதானே ஜனநாயகம்? இதில் "வாதம்" எங்கிருந்து வந்தது?

ஆளட்டும், ஐந்து வருடத்துக்கு. தோற்றால் வீட்டுக்குப் போகட்டும். தேர்தலில் சேரும் பெரும்பான்மை கலையக்கூடியது. போன தடவை எதிர்த்தவர் இந்தத் தடவை ஆதரிப்பார். பெரும்பான்மைவாதம் பேசுவது வேறு கூட்டத்தைப் பற்றி: பிறப்பால் அமைந்த மொழி, மதம், இனம், சாதி. அந்தக் கூட்டம் எந்தத் தேர்தலிலும் கலைவதில்லை, வெளியாள் அதில் சேரவும் முடியாது. "நாடு எங்களுடையது, நீ இருந்துகொள், ஆனால் எங்கள் தயவில்" என்பதுதான் அதன் சாரம். ஈழத்தமிழர்கள் இதைப் பேரினவாதம் என்பார்கள். பட்டு அறிந்தவர்கள் வைத்த பெயர், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் தேர்தல் முறையில் ஓட்டு விகிதமும் இடங்களின் விகிதமும் ஒத்துப்போவதில்லை. இலங்கையில் 1956-ல் பண்டாரநாயக்காவின் கூட்டணி சுமார் 40 சதவீத ஓட்டில் 95-க்கு 51 இடங்களைப் பிடித்தது. 1977-ல் ஐக்கிய தேசியக் கட்சி 51 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டில் 168-க்கு 140 இடங்களை வாரியது. ஆறில் ஐந்து பங்கு கையில் இருந்தால் அரசியலமைப்பையே மாற்றலாம். மாற்றினார்கள்.

செட்டிநாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இங்கே பெரிய கலவரம் எதுவும் நடந்ததில்லையே.

இங்கே நடக்காமல் இருக்கலாம். இங்கிருந்து போனவர்களுக்கு நடந்தது. நம் பழைய செட்டிநாட்டு வீடுகளின் வளவுத் தூண்களில் நிற்கும் பர்மா தேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் வேடிக்கை. காரைக்குடியில் பர்மா காலனி என்று ஓர் இடம் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது.

ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளிலிருந்து கீழ்ப் பர்மாவின் நெல் வயல்கள் வரை நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், நடத்திய லேவாதேவி பரவியிருந்தது. நிலத்தை அடமானம் வாங்கிக் கடன் கொடுப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது வட்டி, வயல் அல்ல. 1930-ல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்ததும் விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அடமான நிலம் கடன் கொடுத்தவர் பேருக்கு மாறியது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம், ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். எட்டே வருடத்தில் நான்கு மடங்கு. கடலுக்கு அப்பால் இருப்பவர் ஊர் வயலில் நாலில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர் ஆனால் அந்த ஊரில் என்ன பேசுவார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் பர்மியர் கோபம் நியாயம்தானே?

நிலம் போன விவசாயியின் கோபம் நியாயம். அதை மழுப்புவதில் பயனில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன: குத்தகைச் சட்டம், கடன் நிவாரணம், நில உச்சவரம்பு என்று கேட்பது ஒன்று, "கலா" எல்லாரும் வெளியே போ என்பது மற்றொன்று. இந்தியரைக் குறிக்க அங்கே சொன்ன இளக்காரப் பெயர்தான் "கலா". இரண்டாவது வழிதான் சத்தமாக ஒலித்தது, ஏனென்றால் அதற்குச் செலவு குறைவு.

அடி யார் முதுகில் விழுந்தது என்று பாருங்கள். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் சரக்கு முதலாளிகள் அவர்களுக்குப் பதில் பர்மியரை வேலைக்கு எடுத்தார்கள். சமரசம் ஆனதும் பழைய கூலிகளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு பர்மியரைக் கழற்றிவிட்டார்கள். மே 26-ல் மூண்ட கலவரத்தில் செத்தவர்கள் மூட்டை தூக்குபவர்கள். அடமானப் பத்திரம் வைத்திருந்தவரோ, இரண்டு கூட்டத்தையும் மோதவிட்ட முதலாளியோ அந்தக் கணக்கில் இல்லை. பெரும்பான்மைவாத வன்முறையின் பழைய குணம் இது: குற்றச்சாட்டு பணக்காரன் மேல், வெட்டு கூலிக்காரன் மேல்.

ஒரு புத்தகம் கலவரம் ஆகுமா?

1938 ஜூலையில் ரங்கூனில் ஆனது. புத்த மதத்தைக் குறைத்துப் பேசும் பகுதிகள் கொண்ட ஒரு நூலை ஒரு முஸ்லிம் எழுதி 1931-லேயே அச்சிட்டிருந்தார். ஏழு வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. மறுபதிப்பு வந்தபின் பர்மியப் பத்திரிகைகள் அதன் வரிகளை எடுத்துப் போட்டு, "இதைப் பொறுப்பதா" என்று எழுதின. ஜூலை 26-ல் ஷ்வேடகான் பகோடாவில் கூட்டம். அங்கிருந்து இந்திய முஸ்லிம் கடைகள் நிறைந்த சூரத்தி பஜாரை நோக்கி ஊர்வலம். போலீஸ் தடியடி; பிக்குகளுக்கும் காயம். அடிபட்ட பிக்குகளின் படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டன. அதன் பிறகு கலவரம் ரங்கூனைத் தாண்டி மாவட்டங்களுக்குப் போனது. சுமார் 200 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

வரிசையைக் கவனியுங்கள்: பழைய பொருள், புதிய தேதி, தேர்ந்தெடுத்த வரிகள், புனித இடத்தில் கூட்டம், எதிர்த்தரப்பின் கடைத்தெரு வழியே பாதை, போலீஸுடன் மோதல், அடிபட்டவர் படம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் "பழைய வீடியோ, புது ஊர்ப் பெயர்" இந்த ஏணியின் முதல் படிதான். அரசு அமைத்த விசாரணைக் குழு பத்திரிகைகளின் பொறுப்பின்மையைக் கடுமையாகச் சொன்னது. நிலம், குடியேற்றம், கலப்புத் திருமணம் பற்றிய மனக்குறைகளையும் அடிக் காரணங்களாகக் குறித்தது. பர்மாவின் பிரதமர் பா மாவின் அரசு அடுத்த வருடத் தொடக்கத்தில் கவிழ்ந்தது.

மீதிக் கதை சுருக்கம். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கானோர் காட்டுவழியே நடந்தார்கள். 1948-ல் நில தேசியமயச் சட்டம். 1962 மார்ச்சில் ராணுவத்தின் கையில் ஆட்சி; 1963-ல் வங்கிகள், 1964-ல் கடைகள், அதே 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். பர்மாவுக்கே திரும்பிப் போகப் பார்த்து முடியாமல் மணிப்பூர் எல்லையில் மோரேயில் தங்கிவிட்ட தமிழர்கள் இன்னும் அங்கே கோயில் கட்டிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பர்மாவில் அதைச் செய்தது ராணுவம். ஜனநாயகத்தில் அப்படி நடக்காது என்பார்களே?

இலங்கையில் எல்லாமே வாக்குப்பெட்டி வழியாகத்தான் நடந்தது. 1948-ன் குடியுரிமைச் சட்டத்தில் "தமிழர்" என்ற சொல்லே கிடையாது. தகப்பன் இலங்கையில் பிறந்ததை, அல்லது தகப்பன்வழிப் பாட்டன் பூட்டன் பிறந்ததை நிரூபி என்று மட்டும் கேட்டது. பிறப்புப் பதிவே சரியாக இல்லாத தேயிலைத் தோட்ட லயத்தில் (கூலிகளின் வரிசை வீடுகளில்) அதை யார் காட்ட முடியும்? சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் ஓட்டும் போனது. சோல்பரி அரசியலமைப்பின் 29-ம் பிரிவு ஒரு சமூகத்தைக் குறிவைத்துச் சட்டம் செய்யக்கூடாது என்று சொல்லியிருந்தது. கோடகன் பிள்ளை வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1953-ல் அந்தச் சட்டம் செல்லும் என்றது. சட்டத்தின் எழுத்தில் சமூகத்தின் பெயர் இல்லையே! ஒரு சட்டம் பாரபட்சமானதா என்று பார்க்க அதன் வாசகத்தை மட்டும் படித்தால் போதாது. எந்த ஆவணத்தைக் கேட்கிறது, அது யாரிடம் இருக்காது என்று பாருங்கள்.

1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம். 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கா தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு சமரச ஒப்பந்தம் போட்டார். 1958 ஏப்ரலில் பிக்குகள் வீட்டு வாசலில் உட்கார்ந்ததும் அதைக் கிழித்தார். மே மாதம் தீவெங்கும் தமிழர் மேல் தாக்குதல். 1959 செப்டம்பரில் அவரைச் சுட்டவரே ஒரு பிக்கு. புலிவால் பிடித்த கதை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உள்ளே இருக்கும் பொறிமுறை முக்கியம்: இரண்டு பெரிய கட்சிகள் ஒரே பெரும்பான்மை ஓட்டுக்குப் போட்டி போடும்போது, ஆளும் கட்சி சமரசம் செய்தால் எதிர்க்கட்சி அதைத் "துரோகம்" என்று விற்கும். ஆட்சி மாறினால் வேடமும் மாறும்.

ஜனநாயகம் திரும்பினால் தானாகச் சரியாகிவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. மியான்மரில் 2013 மார்ச்சில் மெய்க்டிலா நகைக்கடைத் தகராறு ஒன்று 40-க்கும் மேற்பட்டோர் சாவில் முடிந்தது. 2015 தேர்தலில் ஆங் சான் சூ கீயின் கட்சி ஒரு முஸ்லிம் வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. 2017-ல் 7 லட்சம் ரோஹிங்கியாக்கள் விரட்டப்பட்டபோது ஆட்சியில் இருந்தது அந்தக் கட்சிதான்.

கலவரம் தானாக வெடிப்பதா, நடத்துவதா?

சண்டை தானாக வரும். கலவரத்துக்கு ஆள், பொருள், நேரம் மூன்றும் வேண்டும். எரிபொருளை யாரோ வாங்கித்தான் ஆகவேண்டும். வண்டியை யாரோ அனுப்பத்தான் வேண்டும். எந்த வீடு, எந்தக் கடை என்று யாரோ காட்டத்தான் வேண்டும். 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அரசின் காவலில், வெலிக்கடைச் சிறைக்குள், 53 தமிழ்க் கைதிகள் ஜூலை 25-லும் 27-லும் கொல்லப்பட்டார்கள். இரண்டாவது தடவையும் நடந்தது என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டியது. 1984 நவம்பரில் டெல்லியில் மூன்று நாளில் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கு. தலைநகரில் படையைக் கொண்டுவர மூன்று நாள் ஆகாது.

முதல் சில மணி நேரத்தில் போலீஸ் என்ன செய்கிறது என்பதுதான் பெரும்பாலும் சாவு எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. நேர்மையாக உத்தரவு வந்தால் உள்ளூர் ஸ்டேஷன் பலமே பல இடங்களில் போதுமானது. "மக்களின் இயல்பான கோபம்" என்று ஓர் அமைச்சர் பேசினால், கீழே இருப்பவருக்கு அது "கைகட்டி நில்" என்ற உத்தரவாகக் கேட்கும்.

எண்ணிக்கையில் அதிகமாக இருப்பவர்களுக்கு என்ன பயம்?

எல்லையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் பெரும்பான்மை சிறுபான்மை ஆகிவிடும். சிங்களருக்குத் தீவுக்குள் தமிழர் சிறு தொகை. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் பார்த்தால் கோடிக்கணக்கில். பர்மியருக்கு ஒருபுறம் இந்தியா, மறுபுறம் சீனா. இந்தப் பயத்தைத் தூண்டுபவர் எப்போதும் பெரிய வரைபடத்தை விரிப்பார். தண்டிக்கும்போது மட்டும் அடுத்த தெருக்காரரைத் தண்டிப்பார்.

நம் பக்கம் மதம் பிரச்சினையில்லை, சாதிதான். அதுவும் இதில் சேருமா?

சேரும். யார் பெரும்பான்மை என்பது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். தேவகோட்டை அருகே கண்டதேவி தேரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாட்டார் மரியாதை, வடம் தொடும் உரிமை, பட்டியல் சாதியினர் கோரிக்கை, கோர்ட் உத்தரவு என்று 1990-களின் பிற்பகுதியிலிருந்து இழுத்தது. 2006-க்குப் பிறகு தேரே ஓடவில்லை. 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடு ஓடியது. "எல்லாரும் தொடுவதானால் தேரே வேண்டாம்" என்று ஒரு திருவிழாவையே நிறுத்திவைக்கும் மனநிலைக்கும் பெரும்பான்மைவாதத்துக்கும் பெயரில்தான் வித்தியாசம்.

சாதி வன்கொடுமை என்றால் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கூடுதல் பிடி தருகிறது: வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை, டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர் புலனாய்வு செய்ய வேண்டும். புகாரில் சாதிப் பெயரை இரு தரப்புக்கும் எழுத மறந்துவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

அக்டோபர் ஆனால் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுகிறார்களே, அது என்ன?

அக்டோபர் 24 திருப்பத்தூரிலும் 27 காளையார்கோவிலிலும் மருது சகோதரர்கள் நினைவு, 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. அதற்கு முன் செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். இந்த நாட்களை ஒட்டி வருவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 163-ம் பிரிவு. பழைய 144-தான். ஓர் உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. அதற்கு மேல் நீட்டிக்க மாநில அரசின் ஆணை வேண்டும். வாடகை வண்டிக்குத் தடை, சொந்த வண்டிக்கு அனுமதிச்சீட்டு, வண்டிக் கூரையில் ஏறக்கூடாது என்ற நிபந்தனைகள் எரிச்சலூட்டும். ஆனால் மோதல்கள் நினைவிடத்தில் நடப்பதைவிட, போகும் வழியில் அடுத்த சாதித் தெருவைக் கடக்கும்போதும் திரும்பும்போதும்தான் அதிகம் மூளும். வண்டிக் கட்டுப்பாடு அதற்காகத்தான்.

ஊர்வலப் பாதை பற்றி சமாதானக் கூட்டம் போடுகிறார்கள். அதில் எதை எழுதி வாங்க வேண்டும்?

தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் முன் டீ குடித்து, "ஒற்றுமையாக நடத்துவோம்" என்று கையெழுத்துப் போட்டு வந்தால் அது வெறும் காகிதம். எழுத வேண்டியவை: தெருப் பெயர்களோடு பாதை; கிளம்பும் நேரம், முடியும் நேரம்; பள்ளிவாசல், தேவாலயம், கோயில் முன்பு நிற்காமல் கடப்பது; அந்த இடத்துக்கு எத்தனை மீட்டர் முன்னே மேளமும் டிஜேயும் நிறுத்துவது; தொழுகை அல்லது பூஜை நேரம் குறுக்கிட்டால் யார் காத்திருப்பது; வண்டி எண்கள்; ஒவ்வொரு தரப்பிலும் பொறுப்பான ஐந்து ஆறு பேர், அவர்களின் கைபேசி எண்கள். விநாயகர் சதுர்த்திக்குத் தமிழக அரசின் நிபந்தனைப்படி சிலை பீடத்தோடு 10 அடிக்கு மேல் போகக்கூடாது. ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது.

கெட்டுப்போவது எங்கே? பெரியவர்கள் ஊர்வலத்தின் தலையில் மாலையோடு நடப்பார்கள். வால்தான் ஆபத்து. பிந்தி வரும், குடித்திருக்கும், வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த நாற்பது ஐம்பது பேர் பள்ளிவாசல் முன் நின்று ஆடுவார்கள். தலைக்கும் வாலுக்கும் இடைவெளி விழாமல் பார்க்க, பொறுப்பாளர்களில் பாதிப் பேர் கடைசியில் நடக்க வேண்டும். பாதை மாற்றம் கேட்டால் ஊர்வல நாளன்று கேட்காதீர்கள். "வழக்கமான பாதை" என்ற வாதம் வலுவானது; அதை உடைக்க வாரக்கணக்கில் பேச வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் வெறியூட்டும் வீடியோ வந்தது. முதலில் என்ன செய்வது?

முன்னனுப்பாதீர்கள், கண்டிக்கக்கூட. அழிக்கவும் வேண்டாம். அனுப்பியவர் எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கோப்பை அப்படியே வைத்திருங்கள். வீடியோவில் கடைப் பலகை, வண்டி எண், பேசும் மொழி ஆகியவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் வேறு மாநிலத்துப் பழைய சம்பவமாக இருக்கும்.

கோர்ட்டுக்குப் போனால் ஸ்கிரீன்ஷாட்டின் பிரிண்ட் மட்டும் நிற்காது. பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதிகள்: ஒன்றைக் கருவி வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், மற்றொன்றை நிபுணர். கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் வரும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்து "அதில்தான் இருந்தது" என்றால் வழக்கு அங்கேயே தள்ளாடும். தெருக் கடைகளின் சிசிடிவிப் பதிவு பல இடங்களில் 15 முதல் 30 நாளுக்குள் தானாக அழிந்துவிடும். அன்றே பென்டிரைவில் வாங்குங்கள், பதிவை அழிக்க வேண்டாம் என்று போலீஸுக்கும் எழுதிக் கொடுங்கள்.

ஸ்டேஷனில் புகார் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். எந்தப் பிரிவு, எந்த வரிசை?

2024 ஜூலை 1 முதல் நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது). மத, மொழி, சாதி, இனப் பகையை வளர்த்தால் 196 (பழைய 153-ஏ), மூன்று ஆண்டு வரை. வழிபாட்டு இடத்தில் செய்தால் ஐந்து ஆண்டு வரை. மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தினால் 299. வதந்தி 353. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் சட்டவிரோதக் கூட்டம் 189, கலகம் 191. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்ட கும்பல் இனம், சாதி, சமூகம், மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்தால் கொலை செய்தால் 103(2): மரணம் அல்லது ஆயுள். பிரிவு எண்ணைப் புகாரில் எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை. நடந்த சொற்களை அப்படியே எழுதுவதுதான் முக்கியம். "இழிவாகப் பேசினார்" என்றால் ஒன்றும் நிற்காது. என்ன சொன்னார், எத்தனை மணிக்கு, மைக்கிலா, யார் கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் பெற்றதற்கான ஒப்புகை) கையில் கொடுத்து அனுப்பிவிடுவது நம் ஊர் வழக்கம். சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். ஆகாது. சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவுப்படி எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனும் பதிய வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்கு டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை செய்யலாம். அதை 40 நாளாக இழுக்க வழியில்லை. மறுத்தால் 173(4): எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், பிறகு மாஜிஸ்திரேட். தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள். மாஜிஸ்திரேட் முதலில் கேட்பது அதைத்தான்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு உத்தரவுகளைக் கையில் வைத்திருங்கள். 2018 ஜூலை 17-ல் தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரி நியமிக்கச் சொன்னது. 2023 ஏப்ரல் 28-ல், வெறுப்புப் பேச்சுக்குப் புகார் வராவிட்டாலும், பேசியவர் எந்த மதமானாலும், போலீஸ் தானாக வழக்குப் பதிய வேண்டும் என்ற உத்தரவை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது.

எஃப்.ஐ.ஆர். ஆகியும் வழக்கு தூங்குவது ஏன்? 196, 299 போன்றவற்றைக் கோர்ட் விசாரணைக்கு எடுக்க அரசின் முன்அனுமதி வேண்டும், சுரக்ஷா சன்ஹிதா 217. எஃப்.ஐ.ஆர். பதிய அது தேவையில்லை. "அனுமதி வரட்டும், பிறகு பதிகிறேன்" என்று யாராவது சொன்னால் தவறு. ஆனால் அனுமதிக் கோப்பு செயலகத்தில் வருடக்கணக்கில் கிடக்கும். எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவையுங்கள். கோப்பு கிடக்கிறதா, அனுப்பவே இல்லையா என்று அதில் தெரிந்துவிடும்.

வேட்பாளர் மேடையில் மதத்தையோ சாதியையோ சொல்லி ஓட்டுக் கேட்டால்?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) அதை ஊழல் நடவடிக்கை என்கிறது. 2017 ஜனவரி 2-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-க்கு 3 என்ற கணக்கில், வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. பிரசார நேரத்தில் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படத்தோடு அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் இலக்கு. வெற்றியையே ரத்து செய்யக் கேட்பதானால் தேர்தல் மனு. தேர்ந்தெடுக்கப்பட்டவர் அறிவிக்கப்பட்டதிலிருந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும், 46-வது நாள் போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். முழுப் பேச்சின் வெட்டாத பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

கடை எரிந்துவிட்டால் இன்சூரன்ஸ் வருமா?

சாதாரணத் தீ பாலிசியில் கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்த சேதம் ஆகியவை பொதுவாக அடங்கும். பயங்கரவாதம் தனி; அதற்குக் கூடுதல் பிரீமியம். 2021 ஏப்ரல் முதல், 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழிலுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. ஏமாறும் இடம் இது: வங்கிக் கடனுக்காகப் போட்ட பாலிசியில் அடமானம் வைத்த சரக்கு மட்டுமே இருக்கும், அலமாரியும் பிரிட்ஜும் கட்டடமும் இருக்காது. வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் எரிந்த வண்டிக்கு ஒரு காசு வராது. சர்வேயர் பார்க்கும்வரை சாம்பலைக் கூட்டாதீர்கள். ஸ்டாக் கணக்கும் ஜிஎஸ்டி பில்லும் கடையிலேயே எரிந்துபோகும்படி வைக்காமல் ஒரு நகலை வீட்டில் வையுங்கள். இனக் கலவரத்திலோ சாதி வன்கொடுமையிலோ பாதிக்கப்பட்டவருக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100.

அவர்கள் அடித்தால் நாமும் திருப்பி அடிப்பதுதானே தற்காப்பு?

உங்கள் மேல் விழும் அடியைத் தேவையான அளவுக்குத் தடுப்பது தற்காப்பு. மறுநாள் போய் அடிப்பது குற்றம். கோவையைப் பாருங்கள். 1997 நவம்பர் 29-ல் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதன் பிறகு நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14-ல் தொடர் குண்டுவெடிப்பு, 58 பேர் சாவு. ஒவ்வொரு கட்டத்திலும் "பதிலடி" என்றே சொன்னார்கள். குண்டில் செத்தவர்கள் கலவரம் செய்தவர்கள் அல்ல, கடைக்கு வந்தவர்கள்.

சமாதானக் குழுவால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

கலவரம் முடிந்தபின் கூட்டும் குழுவால் படம் எடுக்கலாம். முன்பே இருக்கும் குழுவுக்கு மதிப்பு உண்டு. 1982-ல் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்து–கிறிஸ்தவ மோதல் மூண்டபோது, காரைக்குடிப் பக்கத்துக் குன்றக்குடி அடிகளார் நேரில் போய் மீனவக் குப்பங்களிலும் உட்கார்ந்து பேசினார். பல மதத்தினரையும் சேர்த்த திருவருட் பேரவை பின்னும் அந்தப் பணியைச் செய்தது. அவரால் முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன்பே முப்பது வருடமாக எல்லாத் தரப்பு மேடைகளிலும் அவர் இருந்தார். அன்றைக்குத்தான் புதிதாக அறிமுகம் ஆகவில்லை.

ஊர் அளவில் வேலை செய்யும் குழுவுக்குக் கொடி வேண்டாம். வியாபாரிகள் சங்கம், அரிசி ஆலைக்காரர்கள், ஆட்டோ ஸ்டாண்டு, பள்ளிப் பெற்றோர் கழகம் என்று ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் உள்ள இடங்களிலிருந்து பன்னிரண்டு பதினைந்து பேர் போதும். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பெண்கள் வேண்டும், ஏனென்றால் எந்த வீட்டில் எந்தப் பையன் இரவு வரவில்லை என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆட்டோ ஸ்டாண்டை விட்டுவிடாதீர்கள். வெளியூர் வண்டிகள் வந்து நிற்பதை முதலில் பார்ப்பது அவர்கள்தான். விழா நாளன்று இன்ஸ்பெக்டரின் எண்ணோடு ஸ்டேஷன் தரைவழித் தொலைபேசி எண்ணையும் குறித்துவையுங்கள். இன்டர்நெட்டை நிறுத்தினால் குரூப் வேலை செய்யாது, போன் அடிக்கும்.